உணவு ஆலோசனை அறையை மறுபடி திறங்கள்

மருத்துவமனை டீன் அவர்களுக்கும், இரைப்பை குடல் நோய்ப் பிரிவின் தலைவர் அவர்களுக்கும்,

உங்கள் குடல் அழற்சி நோய் ஓ.பி.யில் இருந்த உணவு ஆலோசனை அறையை மூடிவிட்டீர்கள். அங்கே உட்கார்ந்திருந்த டயட்டீஷியனை வார்டு சமையலறைக் கணக்குப் பார்க்க அனுப்பிவிட்டீர்கள். அதற்குப் பதிலாக இப்போது கேஸ் பேப்பரோடு ஒரு ஒற்றைத் தாளைப் பின் அடித்துக் கொடுக்கிறார்கள். செரிமானப் பாதையில் எங்கும் வரக்கூடிய குடல் அழற்சியான கிரோன் நோய் உள்ளவருக்கும் அதே தாள். பெருங்குடலில் புண் உண்டாக்கும் அல்சரேடிவ் கொலைடிஸ் உள்ளவருக்கும் அதே தாள். ரத்தமாகப் போய்க்கொண்டிருப்பவருக்கும், நோய் அடங்கி வேலைக்குப் போய்வருபவருக்கும் அதேதான். இந்த முடிவை எங்களால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

இதன் மராத்திப் பிரதியை உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். தாராவி, மாட்டுங்கா, ஆன்டாப் ஹில், செம்பூர் பக்கமிருந்து உங்களிடம் வரும் தமிழ்க் குடும்பங்களும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காகத் தமிழிலும் எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைப் பொதுவெளியில் போட எனக்கு விருப்பமில்லை. என் உயிரைக் காப்பாற்றிய இடம் அது. அதனால்தான் இந்த முடிவு இவ்வளவு வலிக்கிறது.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இடது பக்கம் தவிர்க்க வேண்டியவை: பால், தயிர், மோர், கீரை, பச்சைக் காய்கறி, பழம், பருப்பு, முழுத் தானியம், மிளகாய், புளி. வலது பக்கம் சாப்பிடத் தக்கவை: வெள்ளைச் சோறு, பிரெட், டோஸ்ட், பிஸ்கட், கார்ன்ஃபிளேக்ஸ், ஜெல்லி, சர்க்கரை போட்ட சாயா. எத்தனை நாளைக்கு என்று இல்லை. எந்த நிலையில் என்று இல்லை. நோய் அடங்கினால் எதை முதலில் திரும்பச் சேர்ப்பது என்று ஒரு வரிகூட இல்லை.

எங்கள் சந்தில் தோல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர் இருக்கிறார். அல்சரேடிவ் கொலைடிஸ் அவருக்கு. தாள் கைக்கு வந்ததிலிருந்து காலையில் சாயாவும் காரி பிஸ்கட்டும், மத்தியானம் வெறும் சோற்றில் உப்பு, ராத்திரி பிரெட். அவர் மனைவி வைக்கிற பருப்பும் மோரும் பிள்ளைகளுக்கு மட்டும். நான் கேட்டபோது சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினார். மடித்து மடித்து, மடிப்பில் எழுத்தே அழிந்துவிட்டது. “டாக்டர் போட்டுக் கொடுத்தது, டீச்சர். அதை மீறி எப்படித் தின்ன?” என்றார். இப்போது ரத்தப்போக்கு நின்று வெகு நாளாகிவிட்டது. ஆனால் தாள் நிறுத்தச் சொல்லவில்லை, அவரும் நிறுத்தவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. தோல் மூட்டை தூக்குகிற வேலையை விட்டுவிட்டு இப்போது பசை தடவும் வேலைக்கு மாறியிருக்கிறார், பாதிக் கூலிக்கு. உங்கள் மருந்து அவருடைய நோயை அடக்கியது. உங்கள் தாள் அவரைப் பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறது.

என் கதை வேறு மாதிரிப் போனது. காரணம் அந்த அறை.

எனக்குக் கிரோன் நோய். வலது அடிவயிற்றில் வலி, சாயங்காலக் காய்ச்சல், எடை இறக்கம் என்று தொடங்கியது. மும்பையில் இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் யாருக்கும் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரும். குடல் காசநோயும் கிரோன் நோயும் சிறுகுடலின் கடைசிப் பகுதியைத்தான் அதிகம் பிடிக்கும். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் பார்த்தாலும், சதை எடுத்துப் பரிசோதித்தாலும் பல நேரம் பிரித்துச் சொல்வது கஷ்டம். காசநோய் இவ்வளவு உள்ள நாட்டில் முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்ப்பதில் நியாயம் உண்டு. எனக்கும் கொடுத்தார்கள், அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. அப்புறம் கிரோன் என்று தெரிந்து ஸ்டீராய்டு, பிறகு நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும் அசதியோபிரின் மாத்திரை. முகம் உப்பியது, வலி குறைந்தது. எடை மட்டும் ஏறவேயில்லை. பள்ளியில் கரும்பலகையில் எழுதக் கை தூக்கினால் மூச்சு வாங்கியது.

அந்த நிலையில்தான் உங்கள் டாக்டர் ஒருவர் கேஸ் பேப்பரில் இரண்டு எழுத்துக் கிறுக்கி என்னை அந்த அறைக்கு அனுப்பினார். சின்ன அறை. ஒரு மேஜை, எடை மெஷின், அளவு காட்ட நாலைந்து வாட்டிகள் (சின்னக் கிண்ணங்கள்), கரண்டிகள். அந்த மேடம் முதலில் கேட்டது, “நேற்று விடிந்ததிலிருந்து என்னென்ன வாயில் போட்டாய்?” சாயாவில் எத்தனை கரண்டி சர்க்கரை என்பது வரை எழுதிக்கொண்டார். என் ஸ்கேனில் சிறுகுடலின் கடைசியில் ஒரு சுருக்கம், அதாவது குடல் குறுகிப்போன இடம், இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நாருள்ள பொருள்களை இப்போதைக்குக் குறைக்கச் சொன்னார். ஆனால் வெறும் ‘வேண்டாம்’ என்று சொல்லி அனுப்பவில்லை. பூசணியைத் தோல் சீவிக் குழைய வேகவை. கேரட்டை மசி. கீரையில் தண்டு வேண்டாம், இலையை மட்டும் கடைந்து வடிகட்டிக்கொள். முருங்கைக்காய்ச் சக்கையை மெல்லாதே, உள்ளே இருக்கும் சதையைக் கரண்டியால் வழித்துச் சோற்றில் போடு. பாசிப்பருப்பு போதும், துவரை பிறகு பார்க்கலாம். தயிரைக் கொஞ்சமாகத் தொடங்கு, ஒத்துக்கொண்டால் கூட்டு. முட்டை தினமும். மீன் கட்டுப்படியாகுமா என்று கேட்டார். சுர்மை (வஞ்சிரம்) எங்களால் முடியாது என்றேன். பாங்டா (அயிலை) வாங்கு, அதுவே நல்லது என்றார்.

என் அம்மாவும் கூட இருந்தார். எங்கள் குடும்பம் இட்லி வியாபாரக் குடும்பம். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, ராத்திரியில் மாவரைத்து விடியற்காலையில் அவித்துச் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிற எத்தனையோ தாராவிக் குடும்பங்களில் ஒன்று. இட்லி மாவில் நல்ல கிருமி இருக்கிறதே, அது குடலைக் குணப்படுத்திவிடுமா என்று அம்மா ஆசையாகக் கேட்டார். ஆவியில் வெந்ததும் அந்தக் கிருமிகள் செத்துவிடும் என்று மேடம் பொறுமையாகச் சொன்னார். ஆனால் தோல் நீக்கிய உளுந்து, புளித்த மாவு, மெத்தென்ற இட்லி எல்லாம் இந்தக் குடலுக்கு இதமான சாப்பாடு, தாராளமாகக் கொடுங்கள், சாம்பாரில் காயை மசித்துவிடுங்கள் என்றார். இணையத்தில் இட்லியை மருந்து என்று பரப்புகிறவர்கள் ஒரு பக்கம், தென்னிந்தியச் சாப்பாடே வேண்டாம் என்கிறவர்கள் ஒரு பக்கம். அந்த நடுவாந்தரமான, உண்மையான பதில் எங்களுக்கு வேறெங்கும் கிடைத்திருக்காது.

என் கேஸ் பேப்பரில் “பி12 பார்த்தாயிற்றா? இரும்பு?” என்று எழுதி டாக்டரிடம் திருப்பி அனுப்பியதும் அவர்தான். பி12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். எனக்கு நோய் பிடித்திருப்பதே அங்கேதான். பரிசோதனையில் இரண்டும் அடிமட்டத்தில் இருந்தன. ஊசி தொடங்கிய பிறகுதான் கரும்பலகைக்குக் கை எட்டியது. ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கு டாக்டரால் எவ்வளவு நேரம் கொடுக்க முடியும் என்பது எனக்குத் தெரியும். வெளியே வரிசை படிக்கட்டு வரை நிற்கும். அந்த நெரிசலில் நழுவிப்போவதைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். இருந்தார். அவரை அனுப்பிவிட்டீர்கள்.

நான் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். இனி எழுதப்போவது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தத் தாளை எழுதியவரும், அதை மடித்து வைத்திருப்பவர்களும் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

மனித உடம்பில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் வெளிவந்த ஒரு கணக்கு சொல்கிறது. பெரும்பகுதி பெருங்குடலில். நாம் செரிக்காமல் விடுகிற மிச்சம்தான் அவற்றுக்குச் சாப்பாடு: காய்கறியின் நார், பருப்பில் இருக்கும் சில சர்க்கரைகள், சோறு ஆறும்போது உருவாகும் எளிதில் செரிக்காத மாவுச்சத்து. இவற்றைத் தின்று அவை பியூட்டிரேட் என்ற அமிலத்தை விடுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருள் அதுதான். அழற்சியை அடக்கிவைக்கும் செல்களுக்கும் அது துணை செய்கிறது. இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களில் ஒன்றின் பெயர் ஃபீக்காலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி. கிரோன் நோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களில், இந்த பாக்டீரியா குறைந்திருந்தவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம் என்று 2008-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பாக்டீரியாக் கூட்டத்துக்கும் குடல் சுவருக்கும் நடுவில் ஒரு சளிப்படலம் இருக்கிறது. அது கெட்டியாக இருக்கும்வரை பாக்டீரியாக்கள் சுவரைத் தொடுவதில்லை, உடம்பும் அவற்றோடு சண்டைக்குப் போவதில்லை. நாரே இல்லாத தீனியைக் கொடுத்தபோது பாக்டீரியாக்கள் அந்தச் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கியதை 2016-இல் எலிகளில் கண்டார்கள். என் அம்மா அரைக்கிற மாவில் யாரும் வெளியிலிருந்து கிருமி கொண்டுவந்து போடுவதில்லை. உளுந்து எவ்வளவு, உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு என்பதைப் பொறுத்து அதற்கேற்ற கிருமிகள் தலைதூக்கும். குடலிலும் அப்படித்தான், என்ன போடுகிறோமோ அதற்கேற்ற கூட்டம் வளரும்.

நோய்க்குக் காரணம் சாப்பாடு மட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பரம்பரைக் கூறு உண்டு, நோயெதிர்ப்பின் கோளாறு உண்டு, சின்ன வயதில் கொடுத்த ஆன்டிபயாடிக் வரை பல உண்டு. ஆனால் மரபணு மாறாமலே நோய் பெருகுவதைப் பார்க்கிறோம். தெற்காசியாவிலிருந்து கனடாவின் ஒன்டாரியோவில் போய்க் குடியேறியவர்களைவிட, அங்கே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2015-இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. உள்ளூர்ப் பிள்ளைகளின் அளவுக்கே வந்துவிட்டார்களாம். ரத்தம் ஒன்றுதான், ஊரும் சாப்பாடும் வாழ்க்கையும் மாறின. இங்கே நம் நகரங்களிலும் அதே மாற்றம் நடக்கிறது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் காலைச் சாப்பாடு பாக்கெட்டில் வருகிறது.

சரி, அந்த வலது பக்கப் பட்டியலுக்கு வருகிறேன். 21 நாடுகளில் 1,16,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஒரு பெரிய ஆய்வு 2021-இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. இந்தியாவும் அதில் உண்டு. பாக்கெட் பிஸ்கட், கார்ன்ஃபிளேக்ஸ் மாதிரி மிகையாகப் பதப்படுத்திய உணவை நிறையச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் அழற்சி நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பால், பழம், காய்கறி, பருப்பு ஆகியவற்றோடு அப்படி எந்தத் தொடர்பும் தென்படவில்லை. அது நோய் வருவதைப் பற்றிய ஆய்வு, வந்துவிட்டவர்களைப் பற்றியது இல்லை என்று நீங்கள் சொல்லலாம். நியாயம். ஆனால் எந்தப் பொருள்களின் மேல் சந்தேகம் விழுந்ததோ அவற்றைச் ‘சாப்பிடலாம்’ பக்கத்திலும், விழாதவற்றைத் ‘தவிர்க்க’ பக்கத்திலும் கால வரம்பு இல்லாமல் போட்டுக் கொடுப்பதற்கு எந்த ஆய்வு துணை நிற்கிறது?

எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்து நிற்கப் பாக்கெட் உணவில் சேர்க்கும் எமல்சிஃபையர் பற்றியும் சொல்ல வேண்டும். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஐ.என்.எஸ். 466, 433 என்று சேர்க்கைப் பொருள்களின் எண்கள் இருக்கும். 466 என்பது கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், 433 என்பது பாலிசார்பேட் 80. இந்த இரண்டையும் எலிகளுக்குக் கொடுத்தபோது பாக்டீரியாக்கள் சளிப்படலத்துக்குள் புகுந்ததையும், நோய்க்கு வாகான எலிகளுக்குக் குடல் அழற்சி கூடியதையும் 2015-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். பிறகு ஆரோக்கியமான 16 பேரை எடுத்து, அவர்களில் ஒரு பிரிவுக்கு மட்டும் 466-ஐ 11 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பிரிவினரின் குடல் பாக்டீரியாக் கூட்டம் மாறியது. எல்லா எமல்சிஃபையரும் ஒரே மாதிரி இல்லை, பிஸ்கட் தின்றவர்களுக்கெல்லாம் கிரோன் வரப்போவதும் இல்லை. ஆனால் ஏற்கெனவே சுவர் புண்ணாகிக் கிடக்கிற ஒருவருக்கு, மோரை விட்டுவிட்டுப் பாக்கெட்டை எடு என்று மருத்துவமனை முத்திரையோடு சொல்லலாமா?

குழந்தைகளின் கிரோன் நோய்க்கு ஐரோப்பாவில் முதல் சிகிச்சையே ஒருவகை உணவுதான். ஆறு முதல் எட்டு வாரம் சத்துத் திரவம் மட்டும் கொடுப்பார்கள், ஸ்டீராய்டு இல்லாமலே பலருக்கு நோய் அடங்குகிறது. அந்தத் திரவத்தில் பாதியும், கோழி, முட்டை, சோறு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ஆப்பிள் மாதிரியான சாதாரண உணவு மீதியுமாகக் கொடுத்தாலும் நோய் அடங்குகிறது, பிள்ளைகளால் அதை எளிதாகத் தாங்கவும் முடிகிறது என்று 2019-இல் இன்னொரு ஆய்வு காட்டியது. அந்த முறையில் பாக்கெட் உணவுக்கு இடமே இல்லை. நம் நாட்டிலேயே தில்லி எய்ம்ஸில், லேசான அல்லது மிதமான அல்சரேடிவ் கொலைடிஸ் உள்ள 66 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆரோக்கியமானவர்களின் குடல் பாக்டீரியாவை மாற்றிவைத்து, அழற்சியைக் குறைக்கும் உணவையும் கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் அந்தப் பிரிவில் 60 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, வழக்கமான மருந்துப் பிரிவில் 32 சதவீதம். பிறகு உணவை மட்டும் தொடர்ந்தபோது கிட்டத்தட்ட ஒரு வருடம் வரை பலன் நீடித்தது. 2022-இல் வெளிவந்தது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், நம் வீட்டுப் பழைய சோற்றையே குடல் அழற்சி நோயாளிகளிடம் ஆய்வுக்கு எடுத்தார்கள். அரசு மருத்துவமனைகள்தான் இவை. அங்கேயும் கூட்டம் உண்டு, ஆள் பற்றாக்குறை உண்டு.

இன்னொன்றையும் நீங்கள் அறிவீர்கள். அமெரிக்க இரைப்பை குடல் நோய் சங்கம் 2024-இல் இந்த நோய்க்கான உணவு பற்றி வெளியிட்ட அறிவுரையில், புதிதாக நோய் கண்டறியப்பட்ட ஒவ்வொருவருக்கும் டயட்டீஷியனின் உதவி கிடைக்க வேண்டும், நோயாளிகள் எல்லோரையும் சத்துக்குறைவுக்குச் சோதிக்க வேண்டும் என்று இருக்கிறது. குடலில் சுருக்கம் உள்ளவர்களுக்குக்கூட, காய்கறியையும் பழத்தையும் அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. நன்றாக வேகவைத்து, மென்று, குழைவாகச் சாப்பிடச் சொல்கிறார்கள். அந்த அறையில் மேடம் எனக்குச் சொன்னது அதைத்தான், வேறு வார்த்தைகளில்.

நோய் கிளம்புகிற நாட்களில் நார் குறைக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ரத்தமாகப் போகும்போது சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பதும் தெரியும். என் குற்றச்சாட்டு அதைப் பற்றி இல்லை. சில வாரத்துக்கான கட்டுப்பாட்டை ஆயுள் தண்டனையாக மாற்றிவிடுகிறது உங்கள் தாள். யாருக்கு எதை எப்போது தளர்த்துவது என்று பார்க்க ஆளில்லாமல் போனதுதான் காரணம்.

தாராவியில் இந்த நோயோடு வாழ்வது என்றால் என்ன என்பதை ஏ.சி. அறையில் கூட்டம் போட்டு முடிவெடுத்தவர்கள் ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் சந்தில் பெரும்பாலான வீடுகளில் கழிப்பறை இல்லை. பொதுக் கழிப்பறைக்குப் போக வேண்டும், காலையில் வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். நோய் கிளம்பினால் ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவை. முன்னால் நிற்பவரிடம் கெஞ்ச வேண்டும். ராத்திரியில் பெண்கள் தனியாகப் போக முடியாது, துணைக்கு ஒருவரை எழுப்ப வேண்டும். இதற்குப் பயந்தே பலர் சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறார்கள். வேலைக்குப் போகும் நாளில் சாயங்காலம் வரை வெறும் வயிறு. சாப்பிட்டால்தானே போகணும் என்று சொல்வார்கள். அப்படிப்பட்டவரிடம் இன்னும் பத்துப் பொருளைத் தவிர்க்கச் சொல்லி ஒரு தாளை நீட்டினால் அவர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார், இன்னும் குறைத்துக்கொள்வார். “பயப்படாதே, இதைச் சாப்பிடு, இப்படிச் சமை, ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த வாரம் வந்து சொல்” என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். காகிதத்தால் அது முடியாது.

ஆளில்லாத இடத்தை வேறு ஆட்கள் நிரப்பிவிடுகிறார்கள். குடல் கிருமியைச் சரிசெய்யும் பொடி என்று டப்பா ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். ஒருவர் நாற்பத்தெட்டு நாள் வெறும் ஜூஸ் என்கிறார். இன்னொருவர் இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் குடல் தேறும் என்கிறார். மருந்தை நிறுத்தி, குடல் அடைத்து, அவசரப் பிரிவுக்கு வந்த ஒரு பையனை உங்கள் வார்டிலேயே பார்த்தேன். நான் அசதியோபிரினையும் சாப்பிடுகிறேன், சாப்பாட்டையும் பார்த்துக்கொள்கிறேன். ஒன்று மற்றொன்றுக்குப் பதில் இல்லை என்பதை எனக்குப் புரியவைத்தது அந்த அறைதான். அறை இருந்தபோது என் அம்மா யூட்யூபில் பார்த்ததையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் கேட்பார். இப்போது கேட்க இடமில்லை.

அலுவலகத்தில் விசாரித்தபோது ஆள் பற்றாக்குறை, வார்டு சமையலறைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும் என்றார்கள். உள்நோயாளிகளுக்கும் டயட்டீஷியன் தேவைதான். ஆனால் இருந்த ஒருவரை இங்கிருந்து அங்கே நகர்த்துவதால் பற்றாக்குறை தீரவில்லை, எங்கள் தலையில் விழுந்திருக்கிறது. சத்துக்குறைவால் ரத்தம் ஏற்றவும் குளுக்கோஸ் ஏற்றவும் நாங்கள் வார்டில் வந்து படுத்தால் அந்தச் செலவும் உங்கள் மருத்துவமனையின் மேல்தான் விழும். அறைக்கு ஆகும் செலவு ஒரு சம்பளம், ஒரு மேஜை, சில வாட்டிகள்.

ஆகவே நாங்கள் கேட்பது இவை.

முதலில், அந்தத் தாளை நிறுத்துங்கள். இதற்கு நிதியும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். அடுத்த ஓ.பி. நாளிலிருந்தே கேஸ் பேப்பரோடு அதைப் பின் அடிக்காமல் இருக்கலாம். ஏற்கெனவே வாங்கிப்போனவர்கள் அடுத்த முறை வரும்போது, அந்தக் கட்டுப்பாடு இன்னும் தேவையா என்று டாக்டர் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல வேண்டும். தோல் பட்டறைக்காரரை நானே கூட்டி வருகிறேன்.

உணவு ஆலோசனை அறையைத் திறங்கள். முழுநேர ஆள் உடனே முடியாது என்றால், குடல் அழற்சி நோய் ஓ.பி. நடக்கும் நாளில் மட்டுமாவது அந்த மேடத்தை, அல்லது அவரைப் போலப் பயிற்சி உள்ள ஒருவரை உட்காரவையுங்கள். புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்கள், எடை இறங்கிக்கொண்டிருப்பவர்கள், குடலில் சுருக்கம் உள்ளவர்கள், குழந்தைகள் ஆகியோரைக் கண்டிப்பாக அங்கே அனுப்ப வேண்டும். நிரந்தரப் பணியிடத்துக்கு மாநகராட்சிக்கு எழுதுங்கள். எழுதியதின் நகலை எங்களுக்கும் காட்டுங்கள், நாங்களும் எங்கள் கார்ப்பரேட்டர்களிடம் போகிறோம்.

புதிதாகத் தாள் போடுவதானால் ஒன்று போதாது. நோய் கிளம்பிய நாட்களுக்கு ஒன்று, சுருக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று, நோய் அடங்கியவர்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்க வேண்டும். எத்தனை வாரம் என்று அதில் இருக்க வேண்டும், எதை எந்த வரிசையில் திரும்பச் சேர்ப்பது என்றும் இருக்க வேண்டும். மராத்தி, இந்தி, உருது, தமிழ் நான்கிலும் வேண்டும், பாக்ரியும் (சோள, கம்பு ரொட்டி) இட்லியும் கிச்சடியும் மோர்ச்சோறும் அதில் வர வேண்டும். தமிழ்ப் பிரதியை எழுதிக் கொடுக்க நான் தயார். அச்சடிக்கும் முன் நாலு நோயாளிகளிடம் படித்துக் காட்டுங்கள்.

ஒவ்வொரு வருகையிலும் எடையைக் கேஸ் பேப்பரில் குறிக்க வேண்டும். இரும்பு, பி12, வைட்டமின் டி மூன்றையும் குறித்த இடைவெளியில் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டில் இருப்பவர்களுக்கு எலும்பையும் கவனிக்க வேண்டும். குடலின் அழற்சியை மலத்திலிருந்தே காட்டும் கால்புரோட்டெக்டின் பரிசோதனை வெளியே ஆயிரக்கணக்கில் ஆகிறது. உங்கள் ஆய்வகத்திலேயே குறைந்த கட்டணத்தில் செய்ய வழி பாருங்கள். அது இருந்தால், உணவு மாற்றியது பலன் தருகிறதா என்று ஊகிக்க வேண்டியிருக்காது.

கிரோன் நோய் உள்ள குழந்தைகளுக்குச் சத்துத் திரவ சிகிச்சையை இலவசமாகவோ சலுகை விலையிலோ கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். வாரக்கணக்கில் டப்பா வாங்க எங்கள் பகுதிப் பெற்றோரால் முடியாது. முடியாததால்தான் பிள்ளைகள் ஸ்டீராய்டில் நிற்கிறார்கள், வளர வேண்டிய வயதில் வளராமல்.

ஓ.பி. காத்திருப்புக் கூடத்தை ஒட்டி இருக்கும் ஒரே கழிப்பறையைச் சுத்தமாகவும், தண்ணீரோடும், பூட்டாமலும் வைத்திருங்கள். குடல் நோயாளிகள் மணிக்கணக்கில் உட்காரும் இடம் அது. இதைக் கேட்க வேண்டியிருப்பதே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கையெழுத்துத் தாள்களை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. இந்த மாத இறுதிக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். தாளை நிறுத்திய தேதியையும் அறையைத் திறக்கும் தேதியையும் அதில் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மாதத்தின் முதல் ஓ.பி. நாளன்று கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் டீன் அலுவலகத்துக்கு நேரில் வருவோம்.

இப்படிக்கு,
உங்கள் ஓ.பி.யில் பதிவுள்ள கிரோன் நோயாளி,
தாராவி, மும்பை